தொட்டால் வெறும் எண்ணெய்

என் மனைவியின் அண்ணன் எதையும் கண்ணால் கண்டு நம்பியவரல்லர். ஒன்றைப் பற்றி அவர் கருத்துச் சொல்ல வேண்டுமானால் முதலில் அதில் அவருடைய ஆள்காட்டி விரல் நனைய வேண்டும். பிறகு அந்த விரலைக் கட்டைவிரலோடு சேர்த்து மூன்று முறை தேய்ப்பார். அப்போது அவர் கண்கள் ஏரிப் பக்கம் போய்விடும். மூன்றாவது தேய்ப்பு முடிந்ததும், தரம் இருந்தால் "கீது" என்பார், இல்லாவிட்டால் "இல்ல" என்பார். பழவேற்காட்டுப் படகுத்துறையில் இன்ஜின் பழுதுபார்க்கும் கொட்டகை வைத்திருந்தவர் எண்ணெயை இப்படிச் சோதித்திருந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. அவர் பாயசத்தையும் இப்படித்தான் சோதித்தார்.

இது மிகையன்று. எங்கள் திருமணப் பந்தியில் இலையில் விழுந்த பாயசத்தை எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, சமையற்காரரைக் கூப்பிட்டார். "ஜவ்வரிசி கம்மி. மைதா கரைச்சி உட்டுகிற. இன்னா, பொண்ணு வூட்டுக்காரன் ஏமாளினு நெனச்சிகினியா?" என்று மண்டபம் கேட்கும்படி விசாரித்தார். காட்டூரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த என் உறவினர்கள், நெல்லைத் தவிர வேறெதையும் சந்தேகிக்காத விவசாயிகள், அப்போதுதான் இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்து முடித்திருந்தார்கள். அந்த அவமானத்தை என் பெரியப்பா தம் கடைசிக் காலம் வரை மறக்கவில்லை. அதன் பிறகு எந்தக் கல்யாணத்திலும் பாயசத்தைத் தொட்டதுமில்லை.

அதற்கு முன்பே நானும் சோதிக்கப்பட்டிருந்தேன். பெண் பார்க்கப் போன அன்று வாசலில் என் கையைப் பற்றிய மனிதர் அதை விடவில்லை. உள்ளங்கையைக் கட்டைவிரலால் மூன்று முறை தேய்த்தார். பிறகு வீட்டுக்குள் திரும்பி உரக்கச் சொன்னார்: "கை பஞ்சு மாதிரி கீது. இந்தக் கையி மீனும் புடிக்காது, பொண்டாட்டியையும் அடிக்காது. கட்டிக்கம்மே."

என் முனைவர் பட்டத்தைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை. அதைவிட என் உள்ளங்கைக்கு மதிப்பு அதிகம் என்பதை அறிந்துகொண்டு ஊர் திரும்பினேன்.

நான் பாய்மங்களின் ஓட்டத்தைப் படித்தவன். தேன் ஏன் தயங்கி வழிகிறது, தண்ணீர் ஏன் தயங்குவதில்லை என்பதற்கெல்லாம் எண்கள் கண்டுபிடித்துக் கொடுப்பது என் தொழில். அதற்கென்று குளிரூட்டப்பட்ட அறையில் ஒரு கருவி இருந்தது. அது மூன்று தசம இடம் வரை விடை தரும். என் மைத்துனரோ இரண்டே சொற்களில் முடித்துவிடுவார். வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். கருவியும் தோற்றதில்லை; அவரும் தோற்றதில்லை. கருவியைச் சரிபார்க்க ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஆள் வர வேண்டும். மைத்துனருக்கு நாளைக்கு நான்கு முறை டீ வர வேண்டும். எனக்குத் தெரிந்த வேறுபாடு அவ்வளவுதான்.

ஒருமுறை இன்ஜின் எண்ணெய் விற்கும் இளைஞர் ஒருவர் கழுத்துப்பட்டி அணிந்து கொட்டகைக்கு வந்தார். மாதிரி டப்பாவையும் தரச் சான்றிதழையும் நீட்டினார். என் மைத்துனர் முதலில் சான்றிதழின் ஓரத்தைத் தேய்த்தார். பிறகு எண்ணெயைத் தேய்த்தார்.

"பேப்பரு நல்லா கீது," என்றார். "எண்ணெதான் செத்துப்போயி கீது. பேசாம பேப்பர வித்துப் பொழச்சிக்கோ தம்பி."

அவருடைய தத்துவம் முழுவதும் ஒரே வாக்கியத்தில் அடங்கியது: "வாயி பொய் பேசும், கண்ணு பொய் பேசும், வெரலுக்குப் பொய் பேச வராது." இதை அவர் கொட்டகைச் சுவரில் எழுதி வைக்கவில்லை. எழுதினால் அது வாயின் கட்சி ஆகிவிடும் என்று எண்ணியிருக்கலாம்.

இப்படிப்பட்டவரிடம் நான் என் ஆராய்ச்சியை எடுத்துச்சென்றது அறிவீனம். ஆனாலும் சென்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கண்ணாடிக் குடுவை, அதற்குள் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு உலோகத் தகடுகள், மின்னழுத்தம் தரும் ஒரு பெட்டி ஆகியவற்றோடு அவர் வீட்டு வாசலில் கடை விரித்தேன். குடுவையில் இருந்தது மாவு கரைத்த எண்ணெய் போன்ற ஒரு திரவம். மாவு என்று தோன்றுவது உண்மையில் பாலிமர்த் துகள்கள். சும்மா இருக்கும்போது அவை எண்ணெயில் தம்போக்கில் மிதக்கும். தகடுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் இடையில் மின்புலம் உண்டாகும். அந்தக் கணமே துகள்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு தகட்டுக்குத் தகடு சங்கிலி கட்டி நிற்கும். ஓடிக்கொண்டிருந்த திரவம் தயிராக உறையும். மின்னழுத்தத்தை நிறுத்தினால் சங்கிலி அறுந்து மீண்டும் ஓடும். இதை நான் பதினான்கு ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாகவே இருந்தது.

தகடுகளுக்கு இடையில் ஒரு மெல்லிய மூங்கில் குச்சியை விட்டேன். அது சாய்ந்தது. நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்திக் கையை எடுத்தேன். நட்ட கம்பம் போல நின்றது. நிறுத்தினேன். சாய்ந்தது.

பக்கத்து வீட்டில் நண்டு ஆய்ந்துகொண்டிருந்த பெண்மணி, "ஐய, தயிரு தோஞ்ச மாதிரி நிக்குது!" என்று எழுந்து வந்தார். எனக்குக் கிடைத்த விருதுகளில் அதையும் ஒன்றாகக் கருதுகிறேன்.

என் மைத்துனர் விரலை நீட்டினார். "எங்க, கொஞ்சம் தொட்டுப் பாக்கறேன்."

"தொடாதீங்க மச்சான். ரெண்டாயிரம் வோல்ட்டு."

"அப்ப நிறுத்துங்க."

நிறுத்தினேன். விரல் நனைந்தது, மூன்று முறை தேய்ந்தது, கண்கள் ஏரிக்குப் போய்த் திரும்பின.

"வெறும் எண்ணெ. மாவு போட்ட எண்ணெ."

"இப்ப வெறும் எண்ணெதான் மச்சான். கரண்டு குடுத்தாத்தான் கெட்டியாகும்."

"கரண்டு குடுத்தா நான் தொடக்கூடாது."

"ஆமா."

"நான் தொட்டா வெறும் எண்ணெ. தொடாதப்ப மட்டும் கெட்டி." அவர் வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டார். "இந்த மாதிரி கதைய சாமியாருங்க சொல்லிக் கேட்டுகிறேன் மாப்ள. நீங்க படிச்சவரு, உங்களுக்கு இன்னாத்துக்கு இது?"

அன்றிலிருந்து நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், "இன்னா மாப்ள, உங்க எண்ணெய்க்கு ரோசம் வந்திச்சா?" என்பதே வரவேற்பாயிற்று. ஒலிபெருக்கி கண்டால் நெஞ்சை நிமிர்த்தி விறைத்துக்கொள்ளும் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவருக்கு 'மாப்ள எண்ணெ' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் துறை முழுவதும் பரவியது. கண்டுபிடிப்பாளனுக்கு உரிய புகழில் என் பங்கு எவ்வளவு என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

அவருடைய விரல்கள் எப்போது மாறத் தொடங்கின என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

பழுதுபார்த்த ஒவ்வோர் இன்ஜினையும் படகில் பூட்டி, ஏரிக்கு அப்பால் பசியாவரம் வரை தாமே ஓட்டிப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் உரியவரிடம் ஒப்படைப்பார். அந்த இன்ஜின்களின் இரும்புக் கைப்பிடி உதறுகிற உதறல், பிடித்த கையின் வழியாகப் பல்லுக்கு ஏறும். நாற்பது ஆண்டுகளாக நாள்தோறும் அதைப் பிடித்திருந்தார். ஒரு மார்கழிக் காலையில் அவர் விரல் நுனிகள் சுண்ணாம்பு தோய்த்தது போல வெளுத்திருந்ததை என் மனைவி கவனித்தாள்.

"இன்னாண்ணே இது, வெரலு வெளுத்துக் கெடக்குது?"

"குளிருக்கு வெளுக்காம கறுக்கவா செய்யும்? போ, போயி டீ போடு."

அவள் என்னிடம் சொன்னாள். அந்த நோயை நான் படித்திருந்தேன். அதிர்கின்ற கைப்பிடி முதலில் விரலிலிருந்து இரத்தத்தை விரட்டும், பிறகு உணர்ச்சியை. விரல்தான் நாணயம், விரல்தான் நியாயம் என்று வாழ்ந்த மனிதருக்கு அந்த நோய் வந்ததென்றால் இயற்கைக்கு ஒரு கேலி மனம் இருந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் என் திரவத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. மெதுவாக ஓடும்போது இன்ஜின் மிக அதிகமாக உதறும். அப்போது கைப்பிடியின் மூட்டு இறுக வேண்டும். வேகம் கூடியதும் மூட்டு இளக வேண்டும். கட்டளைக்கு இறுகி, கட்டளைக்கு இளகும் பொருள் என்னிடம் இருந்தது. இரண்டு உருளைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, இடையில் திரவத்தை நிரப்பி, கைப்பிடிக்கு ஓர் அதிர்வு தாங்கி வடிவமைத்தேன். நிதி தந்த குழுவிடம் இது மீனவர் நலத் திட்டம் என்று எழுதினேன். என் மைத்துனரிடம் இது ஆராய்ச்சி என்று சொன்னேன். இரண்டும் பொய்யல்ல. ஆனால் நான் காப்பாற்ற நினைத்தது பத்து விரல்களை.

அடுத்து வந்த ஆனி மாதத்தில் ஒரு பிற்பகல், முன்னறிவிப்பின்றிக் கொட்டகைக்குப் போனேன். அவர் தனியாக இருந்தார். ஓடி நின்ற இன்ஜினின் சூடான சைலன்சர் மேல் ஒரு சொட்டு எண்ணெயை விட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் அது பொரியும். நல்ல சோதனை, நூல்களிலும் உள்ளது.

"என்ன மச்சான், விரலை விட்டுட்டு விஞ்ஞானி ஆயிட்டீங்களா?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "காதும் சும்மாதான கீது. அதுக்கும் கொஞ்சம் வேல குடுக்கலாம்னு."

நான் சிரித்தேன். அதைப் பதிவு செய்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஐப்பசியில் குழு வந்தது. மூவர். அவர்களில் தலைவர் படகுப் பயணத்துக்கென்று வெள்ளைக் கால்சட்டை அணிந்து வந்திருந்தார். முதல் நாள் மாலை, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் திரவத்தைத் திறந்து திறந்து காட்டியதில் டப்பாவைச் சரியாக மூட மறந்திருந்தேன். இரவில் தூறியது. கொட்டகைக் கூரை ஒழுகியிருக்கிறது. காலையில் இவை எதுவும் எனக்குத் தெரியாது. ஈரம் பட்டால் அந்தத் திரவத்தில் மின்சாரம் கசியும்; ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி என் காரில் இருந்தது. எடுத்து வந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

ஆனால் துறையில் முப்பது படகுக்காரர்கள் கூடியிருந்தார்கள். என் திரவத்தை இத்தனை ஆண்டுகள் பரிகசித்த மனிதர் அந்த முப்பது பேர் முன்னிலையில் அதற்குச் சான்று சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது. ஓய்வு பெறும் வயதில் ஒரு பேராசிரியருக்கு வரும் ஆசைகளில் இது மிக அற்பமானதன்று என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டப்பாவை நீட்டினேன். "மச்சான், நீங்க பாத்துச் சொல்லுங்க."

 அவர் டப்பாவைப் பார்த்தார். பக்கத்துப் படகில் வெள்ளோட்டத்துக்காக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் சைலன்சரை ஒரு கணம் பார்த்தார். பிறகு விரலை நனைத்தார். மூன்று முறை தேய்த்தார். அன்று அவர் கண்கள் ஏரியில் வழக்கத்தைவிடச் சற்று நேரம் தங்கின.

"கீது," என்றார். "நல்லா கீது."

கூட்டத்தில் விசில் பறந்தது. நான் நனைந்த விழிகளோடு நின்றதாக என் மனைவி பின்னர் சொன்னாள். அவள் சொன்னால் இருக்கும்.

திரவத்தைத் தாங்கியில் நிரப்பிக்கொண்டு ஏரியில் கூப்பிடு தூரம் போனோம். என் மைத்துனர் கைப்பிடியைப் பிடித்திருந்தார். வேகத்தைக் குறைத்தார், இன்ஜின் உதறத் தொடங்கியது. குழுத் தலைவரின் கையில் டீ இருந்தது. நான் இரண்டு வாக்கியங்களில் விளக்கம் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

பட்டென்று ஓர் ஓசை. மூட்டில் நீலமாக ஒரு பொறி. பெட்டி செத்தது. இறுக வேண்டிய மூட்டு சங்கிலியறுந்த நாய் போலத் துள்ளியது, படகு குலுங்கியது, டீ வெள்ளைக் கால்சட்டையில் போய்ச் சேர்ந்தது. கரையிலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது: "மாப்ள எண்ணெய்க்குப் பேதி புடிச்சிக்கிச்சிடோய்!"

குழு கரையேறி இறால் வறுவலோடு மதிய உணவு அருந்தியது. பிறகு அனுப்பிய அறிக்கையில் 'முயற்சி மிகுந்த ஊக்கமளிக்கிறது' என்று எழுதியிருந்தது. இறாலுக்கு அந்த வாக்கியத்தில் கணிசமான பங்குண்டு என்பது என் துணிபு.

அவர்கள் உண்ணப் போனபின் துறையில் கட்டிய படகில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். டப்பாவின் அடியில் எஞ்சியிருந்த திரவத்தில் நான் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். ஈரம் பட்டுத் துகள்கள் திரண்டு, கட்டி தட்டிய கேழ்வரகுக் கூழ் போல நெருடியது. பஞ்சு போன்ற என் கைக்கே தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. முப்பது ஆண்டுகளில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான்.

"இதைத் தொட்டுப் பாத்துட்டா நல்லா இருக்குன்னு சொன்னீங்க? ஊர் சிரிக்கணும்னே சொன்னீங்களா?"

அவர் இன்ஜின் பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். தோல் கருகும் வாடை வந்தது. அவருடைய வலக்கை சைலன்சர் மேல் ஊன்றியிருந்தது.

நான் பாய்ந்து அந்தக் கையை இழுத்தேன். விரல்களின் உட்புறம் வெந்திருந்தது. அடுத்தவருடைய கையைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார்.

"எத்தனை மாசமா மச்சான்?"

"மாசியிலேர்ந்து. சுத்தமா இல்ல."

"ஏன் சொல்லல?"

"இன்னானு சொல்றது? துறையில அத்தினி பேரும் என் வெரலத்தான் பாத்துனு நிக்கறானுங்க. சைலன்சர் மேல ஊத்திப் பாத்தா இன்னா சொல்வான்? பெருசுக்கு வெரலு பூட்ச்சினுவான்." வெந்த கையை என் பிடியிலிருந்து இழுத்துக்கொண்டார். "கேக்கறது நீங்க. ராத்திரி பகலா செஞ்சீங்க. நல்லாத்தான் செஞ்சிருப்பீங்கனு நம்பிச் சொல்லிட்டேன் மாப்ள."

தம் வாழ்நாளில் அவர் தொட்டறியாமல் நம்பிய முதற்பொருள் என் எண்ணெய். நானும் என் வாழ்நாளில் முதல்முறையாகக் கருவியை விட்டுவிட்டு ஒரு மனிதரின் விரலை நம்பியிருந்தேன். இரண்டு பேரும் ஒரே காலையில் மதம் மாறி, ஒரே பொறியில் கருகினோம்.

"தங்கச்சிகிட்ட சொல்லாதீங்க," என்றார்.

சொன்னேன். கோழி இறகால் களிம்பு தடவிக்கொண்டே அவள் ஒரு மணி நேரம் இருவரையும் திட்டினாள். அதில் என் பங்கே அதிகம்.

அடுத்த நான்கு மாதங்கள் புதிய திரவம் செய்தேன். துகள்களை வெப்பக் கூண்டில் உலர்த்தி, உருளைகளை ஆய்வகத்திலேயே நிரப்பி, திறக்க முடியாதபடி மூடி முத்திரையிட்டேன். பங்குனியில் ஒரு காலை, குழுவும் இல்லை, கூட்டமும் இல்லை. படகில் நான், அவர், என் மனைவி. வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். உதறல் தொடங்கியது. பொத்தானை அழுத்தினேன். குறுக்குப் பலகையில் வைத்திருந்த டம்ளரில் தண்ணீர் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கைப்பிடி அடங்கியது என்பதை அவர் முழங்கையைப் பார்த்தே அறிந்தேன்.

"எப்படி இருக்குது மச்சான்?"

"என்னக் கேட்டா? எனக்கு இன்னா தெரியும்?" கட்டுப் போட்டு ஆறிய கையைக் காட்டினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராகக் குனிந்து, கைப்பிடியின் மேல் கன்னத்தை வைத்தார்.

"நிறுத்துங்க," என்றார். நிறுத்தினேன். அவர் தாடை படபடத்தது.

"குடுங்க." கொடுத்தேன்.

"நிறுத்துங்க."

"குடுங்க."

மூன்று முறை. இரும்பில் கன்னத்தைப் பதித்தபடியே அவர் கண்கள் ஏரிக்குப் போயின.

"கீது," என்றார். நிமிர்ந்தபோது கன்னத்தில் கிரீஸ் அப்பியிருந்தது. "ரெண்டாயிரம் வோல்ட்டு, ரெண்டாயிரம் வோல்ட்டுனு பயமுறுத்திகினே இருந்தீங்க. தொட்டுட்டேன் பாத்தீங்களா?"

விரல்களில் உணர்ச்சி திரும்பவில்லை. அந்தத் தாங்கி அவர் படகில் மட்டுமே இருந்தது. ஆஸ்பத்திரிச் சாமான் போல இருக்கிறது என்று மற்றவர்கள் வேண்டாமென்றார்கள். அவர் கொட்டகையில் எண்ணெய்ச் சோதனை அதன் பிறகு சைலன்சர் மேல், எல்லாருக்கும் தெரியவே நடந்தது. யாரும் அவர் நினைத்தது போல எதுவும் சொல்லவில்லை. அது அவருக்குச் சிறிது ஏமாற்றமாக இருந்திருக்கலாம்.

போன ஆடியில் காலமானார். இதயம். கைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் சொன்னார், நான் கேட்டதால்.

குளிப்பாட்டும் முன் உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். என் முறை வந்தது. கிண்ணத்தில் விரலை நனைத்தேன். அதை அவர் தலைக்குக் கொண்டுபோகும் வழியில் என் கட்டைவிரல் தானாக அதைத் தேடி வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. பந்தலுக்கு அப்பால் ஏரி வெயிலில் கிடந்தது.

"இது நல்லெண்ணெ இல்ல," என்றேன். "பாமாயில் கலந்துகீது."

பறைகூட ஒரு நொடி நின்றது. எண்ணெய் வாங்கி வந்த பங்காளி தலையைக் குனிந்துகொண்டார். தலைமாட்டில் இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பு வெடித்தது. "அண்ணே, கேட்டியா?" என்று அவரை உலுக்கினாள். "உன் மாப்ள சொல்றத கேட்டியா?"

கடைத்தெருவுக்கு ஆள் ஓடியது. வேறு எண்ணெய் வரும் வரை அவர் காத்திருந்தார். அவ்வளவு பொறுமையாக அவர் எதற்கும் காத்திருந்து நான் பார்த்ததில்லை.